கும்மிடிப்பூண்டிச் சாலையில் ஒரு ஜப்பானியச் சாப்பாடு

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் பெருவழியை முதியோர் இன்றும் ஜி.என்.டி. சாலை என்றே அழைக்கின்றனர். கல்கத்தாவை நோக்கி ஓடும் வடக்குப் பெருஞ்சாலை அது. மாதவரம், செங்குன்றம், காரனோடை, கவரைப்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்து, ஏறக்குறைய 45 கிலோமீட்டர் சென்றால் கும்மிடிப்பூண்டியை அடையலாம். அதற்கும் அப்பால் ஆரம்பாக்கம். அதனைத் தாண்டினால் தடா, ஆந்திர எல்லை. வழியெங்கும் ஏரிகளும் நெல்வயல்களும் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. கிழக்கே சற்றுத் தொலைவில் பழவேற்காட்டுக் காயல் பரந்து கிடக்கின்றது. இவற்றிற்கு இடையிடையே ஆலைகளின் தகரக் கூரைகளும் புகைபோக்கிகளும் தலைதூக்கி நிற்கின்றன.

தமிழ்நாடு அரசு 1971-ஆம் ஆண்டில் சிப்காட் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. அந்நிறுவனம் அமைத்த தொழிற்பேட்டைகளுள் கும்மிடிப்பூண்டியும் ஒன்று. இரும்பை உருக்கும் ஆலைகளும், இயந்திர உறுப்புகள் செய்யும் பட்டறைகளும் இங்கே பெருகின. 1997-இல் செங்கற்பட்டிலிருந்து பிரிந்து திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று. இவ்வட்டாரத்தின் அண்மைக் கால வரலாறு பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து சேர்ந்தோரின் வரலாறே எனலாம்.

மாலையில் ஆலைச் சங்கு ஒலித்து, ஒரு முறை வேலையாட்கள் வெளியேறி மறு முறையினர் உள்ளே நுழையும் வேளையில் அந்தச் சாலையோரம் நின்று பார்க்க வேண்டும். தமிழும் தெலுங்கும் மட்டுமா கேட்கின்றன? பீகாரின் இந்தி, ஒடிசாவின் ஒடியா, வங்காளி என்று பல மொழிகள் காதில் விழுகின்றன. தேநீர்க் கடைப் பலகைகளில் இந்தி எழுத்துகளும் இடம்பெற்றுவிட்டன. இதே ஊரில்தான், இலங்கையில் நேர்ந்த கொடுமைகளுக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த தமிழ்க் குடும்பங்களின் முகாமும் இருக்கின்றது. அங்கே பிறந்து, வளர்ந்து, மணமுடித்துப் பிள்ளை பெற்றோரும் உளர்.

இவ்வாறு இடம்பெயர்ந்து வந்தவற்றின் வரிசையில் ஒரு ஜப்பானிய உணவகமும் சேர்ந்திருக்கின்றது. அங்கே தனித்து அமர்ந்து உண்ட ஒரு நண்பகலைப் பற்றியும், அது நம்முள் எழுப்பிய எண்ணங்களைப் பற்றியும் வாசக அன்பர்களோடு உரையாட விரும்புகின்றோம்.

ஜப்பானியர் வந்த வழி

திருவள்ளூருக்கும் ஜப்பானுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். 1998-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷியோடு கைகோத்து, திருவள்ளூருக்கு அருகே லான்சர் கார்களைச் செய்யத் தொடங்கியது. அக்கார்களின் காலம் முடிந்தது. 2021 முதல் அதே ஆலையிலிருந்து பிரெஞ்சு நாட்டுச் சிட்ரோயன் கார்கள் வெளிவரலாயின. ஆலைக்கும் குடிமாற்றம் உண்டு போலும்! கும்மிடிப்பூண்டிக்கு அருகில் மகிந்திரா குழுமமும் ஜப்பானின் சுமிட்டோமோ நிறுவனமும் கூட்டாக ஒரு தொழிற்பூங்காவை அமைத்துள்ளன. அங்கே 1,891 கோடி ரூபாய் முதலீட்டில் ஆலை அமைக்க மிட்சுபிஷி எலெக்ட்ரிக் நிறுவனம் 2023-இல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. எல்லைக்கு அப்பால், தடாவை அடுத்த ஸ்ரீசிட்டியில் இசுசு நிறுவனத்தின் ஆலை 2016-இல் திறக்கப்பட்டது. வேறு பல ஜப்பானிய நிறுவனங்களும் அங்கே உள்ளன.

இவையெல்லாம் நேற்றைய கதை. இதைவிடப் பழைய தொடர்பொன்று பழவேற்காட்டில் மறைந்து கிடக்கின்றது. டச்சுக்காரர் 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690-இல் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைநகர் பழவேற்காடே. ஜப்பான் தன் கதவுகளை அயலாருக்கு அடைத்துக்கொண்ட காலத்தில், ஐரோப்பியருள் டச்சுக்காரர் மட்டுமே, 1641 முதல், நாகசாகித் துறைமுகத்தின் தேஷிமா என்னும் சிறு தீவில் இருந்து வணிகம் செய்ய இசைவு பெற்றிருந்தனர். அவர்களுடைய கப்பல்களில் நம் கரையின் பருத்தித் துணிகள் ஜப்பானை அடைந்தன. கோடிட்ட துணி ஒன்றிற்கு ஜப்பானியர் இட்ட பெயர் 'சந்தோமே'. புனித தோமையாரின் பெயர் தாங்கிய நம் சாந்தோமே அவர்கள் நாவில் அவ்வாறு ஆயிற்று. நம் நெசவாளர் கைபட்ட துணியை, நம் அப்போஸ்தலர் பெயராலேயே அம்மக்கள் உடுத்தினர் என்பது எத்துணை இனிய செய்தி!

இடம் மாறிய கடை

நாம் சென்ற உணவகம் முன்னர்ச் சென்னை நகரின் நடுவே இருந்தது. அதன் பெயர் இங்கே வேண்டா. விளம்பரம் நம் நோக்கமன்று. நகரில் அதற்கு வாடிக்கையாய் வந்தோர் ஜப்பானியப் பொறியாளர்களும் மேலாளர்களும். ஆலைகள் வடக்கே பெருகப் பெருக, அவர்கள் நாள்தோறும் நகரிலிருந்து போய்வருவதை விட்டு, ஆலைகளுக்கு அருகிலேயே தங்கத் தொடங்கினர். உண்பவர் போன வழியே உணவகமும் போயிற்று. சமையற்கட்டின் பெரிய தவலைகள், மரத்தாலான நீண்ட மேடை, சுவரில் தொங்கிய மூங்கில் திரை என அனைத்தும் ஒரு லாரியில் ஏறி ஜி.என்.டி. சாலை வழியே வந்து சேர்ந்தன என்று நடத்துபவர் சொன்னார். அவர் தமிழர். சமையற்காரரோ மணிப்பூர் இளைஞர். ஜப்பானியச் சமையலைச் சென்னையிலேயே கற்றவர்.

நம்மோடு வரவிருந்த நண்பர் காய்ச்சலால் வர இயலவில்லை. எழுத்தில் 'நாம்' என்று சொல்லிக்கொண்டாலும், அன்று அந்த வாயிலில் நின்றவர் ஒருவரே. நம் ஊர் உணவகங்களில் தனியே நுழைவோர்க்கு ஒரு சிறு சங்கடம் நேர்வதுண்டு. "ஒருத்தர்தானா சார்?" என்ற கேள்வியோடு, கை கழுவும் தொட்டிக்கு அருகிலோ அயலார் குடும்பம் அமர்ந்த மேசையின் ஓரத்திலோ இடம் காட்டுவர். அந்த ஒரே சொல்லில், 'உமக்கு யாருமில்லையோ?' என்ற இரக்கமும் ஒலிக்கும். இங்கே அவ்வாறு நிகழவில்லை. சமையற்கட்டை நோக்கி அமைந்த மர மேடையின் முன், ஒருவர் அமர்வதற்கென்றே செய்த இருக்கைகள் வரிசையாய் இருந்தன. பரிமாறும் பெண், "இப்படி உட்காருங்க ஐயா, சமைக்கிறதைப் பார்த்துக்கிட்டே சாப்பிடலாம்" என்றாள்.

ஜப்பானில் தனியே உண்ண வருவோரை 'ஒஹிதோரி சாமா' என்று குறிப்பிடுவர். 'ஒருவர்' என்னும் சொல்லுக்கு முன்னும் பின்னும் மதிப்புக் காட்டும் ஒட்டுகளைச் சேர்த்த சொல் அது. நம் மொழியில் சொல்வதாயின், 'ஒருவராய் எழுந்தருளியவர்' எனலாம். தனியாய் வந்ததற்காக ஒருவன் நாண வேண்டியதில்லை என்பதை அச்சொல்லே உணர்த்திவிடுகின்றது.

தட்டில் கண்ட உறவினர்

முதலில் ஒரு வெந்நீர்த் துண்டு வந்தது, கை துடைத்துக்கொள்ள. பின்னர் ஒரே தட்டில், அளவோடு ஒரு முழுச் சாப்பாடு. கிண்ணத்தில் சற்றே ஒட்டும் தன்மையுள்ள குட்டையரிசிச் சோறு, நொதித்த சோயாவில் செய்த மிசோச் சாறு, சுட்ட மீன், இரண்டு துண்டு ஊறுகாய், மாவில் தோய்த்துப் பொரித்த இறாலும் கத்தரிக்காயும், கசப்பான பச்சைத் தேநீர். நம் அளவுச் சாப்பாட்டிற்குத் தம்பி முறை என்று சொல்லத் தோன்றிற்று.

சாற்றை வாயில் வைத்ததும் எங்கோ அறிந்த மணம். அதன் அடிப்படை ஒரு கருவாட்டு வடிசாறு. சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டை போல் இறுகும்வரை உலர்த்தி, சீவிச் சாறெடுப்பர். அதனை அவர்கள் 'கட்சுவோபுஷி' என்கின்றனர். நம் தென்கரையிலும் இலங்கையிலும் அதே மீனைக் காயவைத்து 'மாசி' என்கின்றோம். மாசிச் சம்பல் உண்டவர்க்கு ஜப்பானியச் சாறு அந்நியமாய்த் தோன்றாது. அவ்வுணவகத்திலிருந்து சில கல் தொலைவில், முகாமில் வாழும் ஈழத்துத் தாய்மார் இம்மணத்தைக் கண்ட மாத்திரத்தில் அடையாளம் சொல்லிவிடுவர்.

மற்றோர் உறவும் உண்டு. இலங்கைத் தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்பர். ஜப்பானியரும் 'பான்' என்றே சொல்கின்றனர். இரு சாராரும் அச்சொல்லைப் போர்த்துக்கேயரிடமிருந்தே பெற்றனர். பொரித்த இறாலின் கதையும் அப்படியே. அதன் பெயர் 'தெம்புரா'. ஆண்டின் நான்கு பருவங்களிலும் ஒருசந்தியும் சுத்தபோசனமும் காத்த நாட்களை இலத்தீனில் 'தெம்போரா' என்பர். அந்நாட்களில் புலால் நீக்கி, மீனையும் காய்கறியையும் மாவில் தோய்த்துப் பொரித்து உண்ட குருக்களிடமிருந்தே அப்பெயர் வந்ததென்று அறிஞர் பலர் கூறுவர்; வேறு விளக்கம் தருவோரும் உளர்.

அக்குருக்களுக்கு வழி திறந்தவர் நாம் நன்கு அறிந்த புனித சவேரியார். முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே உழைத்தவர், 1545-இல் மயிலையில் தோமையார் கல்லறையருகே ஏறத்தாழ நான்கு மாதங்கள் தங்கிச் செபித்தார். 1549 ஆகஸ்டு 15-ஆம் நாள், விண்ணேற்பு அன்னையின் திருநாளன்று, ஜப்பானின் ககோஷிமாவில் கால்வைத்தார். அங்கிருந்து எழுதிய மடலில் அம்மக்களின் உணவைப் பற்றியும் குறித்துள்ளார். வீட்டில் வளர்க்கும் உயிர்களை அவர்கள் கொன்று தின்பதில்லை. சோறும் கீரையும் சிறிது மீனுமே உணவு. ஆயினும் நலத்தோடு நெடுங்காலம் வாழ்கின்றனர் என்று வியந்தார். நம் நாட்டு வசாயில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா, 1597 பெப்ரவரி 5 அன்று நாகசாகியில் சிலுவையில் உயிர் நீத்ததையும் நம் குடும்பங்கள் அறியும்.

உணவுப் பட்டியலில் மற்றொரு பெயரும் நம் கண்ணை ஈர்த்தது: 'கரே ரைசு'. நம் கறியும் சோறும் ஆங்கிலேயர் வழியாக ஜப்பான் போய், உருமாறித் திரும்பி வந்திருக்கின்றன. ஆயின் அங்கே இந்தியக் கறியை நேராகக் கொண்டு சேர்த்தவர் ஒரு நாட்டுப்பற்றாளர். டோக்கியோவில் நகமுராயா என்றொரு ரொட்டிக் கடை. 1901-இல் ஹோங்கோ பகுதியில் சோமா தம்பதியர் அதனை ஏற்று நடத்தினர். 1909-இல் ஷின்ஜுகுவிற்கு இடம் மாற்றினர். 1915-இல் ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பி ஜப்பான் சென்ற ராஷ் பிகாரி போஸை, நாடு கடத்தப்படாதவாறு மறைத்துக் காத்தது அக்கடையே. 1918-இல் அவ்வில்லத்தின் மகள் தோஷிக்கோ அவரை மணந்தார். 1925-இல் அவ்வம்மையார் காலமானார். 1927-இல் நகமுராயா உணவுக்கூடம் திறந்தபோது, போஸ் கற்பித்த இந்தியக் கறி அங்கே பரிமாறப்பட்டது. தனியனாய் வந்த ஒருவனுக்கு இடமளித்த இடம்பெயர்ந்த கடை, அவனுடைய தாய்நாட்டுச் சுவையைத் தன் சுவையாக்கிக்கொண்டது.

தனியே உண்பவர்

நமக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒரு ஜப்பானியர் வந்து அமர்ந்தார். வயது ஐம்பதிருக்கும். ஆலைச் சீருடை. உணவு வந்ததும் இரு கைகளையும் குவித்து, மெல்லிய குரலில் 'இத்ததாக்கிமஸ்' என்றார். 'பணிந்து பெற்றுக்கொள்கின்றேன்' என்பது அதன் பொருள். கேட்பதற்கு அருகில் எவருமில்லை, ஆயினும் சொன்னார். நாமும் சிலுவை அடையாளம் வரைந்து உணவுச் செபத்தைச் சொல்லிக்கொண்டோம். உண்டு முடித்ததும் அவர் மீண்டும் கை குவித்து 'கொச்சிசோசாமா' என்றார். அச்சொல்லினுள் 'ஓடுதல்' என்ற பொருள் பொதிந்திருக்கின்றது. ஒருவர் உண்பதற்காக அங்குமிங்கும் ஓடிப் பொருள் தேடிச் சமைத்தவர்க்கு நன்றி கூறும் சொல் அது. மணிப்பூர் இளைஞர் அடுப்படியிலிருந்து தலை வணங்கினார்.

இடையில் அவர் தம் கைபேசியைச் சோயாக் குப்பியின்மேல் சாய்த்து வைத்தார். திரையில் ஒரு பெண்மணியும் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமியும் தோன்றினர். இங்கே பிற்பகல் 1.30, அங்கே மாலை 5.00. அவர் தம் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார், சிறுமி சிரித்தாள். குடும்பத்தை ஊரில் விட்டு, நிறுவனம் அனுப்பும் இடத்திற்குத் தனியே போய்ப் பணிபுரிவதை ஜப்பானியர் 'தன்ஷின் ஃபுனின்' என்பர். அதற்கென ஒரு சொல்லே வழங்குமளவிற்கு அங்கே அது பழகிய வாழ்க்கை.

நமக்கு மட்டும் அது பழகாததா? வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தையர் நம் பங்குகளில் எத்தனை பேர்! வேலை முடிந்து, எட்டுப் பேர் தங்கும் அறையில், தாமே வடித்த சோற்றைத் தாமே உண்ணும் அவர்களை எண்ணிக்கொண்டோம். வெளியே வந்தபோது, தேநீர்க் கடை மர நிழலில், இரவு முறை முடித்த ஒரு வட நாட்டு இளைஞன் குந்தியிருந்து, காகிதத்தில் சுற்றிய பராத்தாவைத் தின்றபடி கைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். அவன் பேசிய மொழி விளங்கவில்லை. 'மா' என்ற சொல் மட்டும் விளங்கியது.

தனியே உண்ணுதலைத் தமிழ் மரபு ஒருபோதும் உயர்வாய்க் கருதியதில்லை. அமிழ்தமே கிடைத்தாலும் தனித்து உண்ணாதோர் இருப்பதால்தான் இவ்வுலகம் நிலைத்திருக்கின்றது என்று புறநானூற்றில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி பாடியுள்ளார். ஆயினும் இங்கே நாம் கண்டோர், பகிர மனமின்றித் தனித்து உண்டவரல்லர். பகிர்ந்துகொள்ள அருகில் எவரும் இல்லாதவர். முன்னது குற்றம், பின்னது துயரம். இவ்விரண்டையும் நாம் வேறுபடுத்திக் காண வேண்டும். தனியே வந்தவனுக்கு மதிப்போடு ஓர் இருக்கை தருவது ஒரு நன்மை. அவன் என்றும் தனியனாகவே இருந்துவிடாதவாறு காப்பது அதனினும் பெரிய நன்மை.

ஜப்பானியர் இதனை அறியாதவரல்லர். பெற்றோர் வேலைக்குச் சென்றிருக்க, பிள்ளைகள் வீட்டில் தனியே உண்பதைக் கண்டு அவர்கள் கவலையுற்றனர். 2012-இல் டோக்கியோவில் ஒரு காய்கறிக் கடைக்காரரின் முயற்சியால் 'கொதொமோ ஷொக்குதோ', அதாவது சிறுவர் உணவகம், ஒன்று தோன்றியது. மிகக் குறைந்த விலைக்கோ விலையின்றியோ, பிள்ளைகள் பிறரோடு அமர்ந்து உண்ணும் இடம் அது. இன்று அந்நாட்டில் அத்தகைய இடங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன.

நம் வீட்டில் யார்?

இதனைப் படிக்கும் குடும்பங்கள் ஒரு கேள்வியைத் தமக்குள் எழுப்பிக்கொள்வது நன்று. நம் வீட்டில் தனியே உண்பவர் யார்? பெரும்பாலான இல்லங்களில் விடை ஒன்றே: தாய். எல்லார்க்கும் பரிமாறி, எல்லாரும் எழுந்த பின், அடுப்படியில் தரையில் அமர்ந்து, மீந்த குழம்பை வழித்து உண்பவர் அவரே. அருகில் எவருமில்லை, 'உண்டீர்களா?' என்று கேட்பாரும் அரிது. அடுத்தவர், மருமகள் வேலைக்கும் பேரன் பள்ளிக்கும் போன பின் மூடி வைத்த தட்டைத் தாமே திறந்து உண்ணும் பாட்டனார். கைபேசியைப் பார்த்தபடி தன் அறையில் உண்ணும் மகனும் இவ்வரிசையில் சேர்ந்துவிட்டான். ஒரே கூரையின்கீழ் நான்கு தட்டுகள், நான்கு வேளைகள்!

நாளுக்கு ஒரு வேளையேனும் எல்லாரும் சேர்ந்து அமரலாம். தாயும் அமர்ந்த பின்னரே செபத்தைத் தொடங்கலாம். சமைத்தவர்க்கு ஒரு சொல் நன்றி கூறலாம்; ஜப்பானியரிடம் கடன் வாங்கத் தக்க வழக்கம் அது. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் வட்டாரக் குடும்பங்கள் இன்னொன்றும் செய்யலாம். பக்கத்து வாடகை அறையில் தங்கி ஆலைக்குப் போகும் இளைஞனை, கிறிஸ்து பிறப்பு நாளிலோ பொங்கலன்றோ ஒரு வேளை உணவிற்கு அழைக்கலாம். மொழி தெரியாதே என்று தயங்க வேண்டா. மாசியும் பாணும் மொழி கேட்டா கடல் கடந்தன?

உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் செய்ததை நினைத்துப் பார்ப்போம். இரவெல்லாம் வலை வீசிக் களைத்து வந்த சீடர்களுக்காகக் கரியடுப்பு மூட்டி, மீனைச் சுட்டு, அப்பத்தோடு வைத்துக் காத்திருந்தார். அவர்களை வந்து உண்ணுமாறு அழைத்தார். இரவு முறை முடித்து விடியற்காலையில் ஜி.என்.டி. சாலையோரம் நடந்துவரும் உழைப்பாளர்கள் இன்றும் பலர்.